கோட் நம்பர் ஆறு

2025 ஜூன் 14 அன்று நீட் முடிவு வந்தபோது, லேபர் வார்டில் நைட் ட்யூட்டி முடித்துவிட்டு ஹாஸ்டல் படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். சித்தி போன் செய்தார். "பாப்பாவுக்கு மார்க் வந்திருச்சு. யார்கூடவும் பேச மாட்டேங்குறா. நீ ஒரு எட்டு வந்துட்டுப் போனாத்தான் ஆகும்." மூன்று நாள் கழித்து, கூட இருக்கும் பையனிடம் இரண்டு ட்யூட்டியைத் தள்ளிவிட்டு, மேட்டுப்பாளையத்தில் கோத்தகிரி பஸ் ஏறினேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சமவெளியில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். முடித்து, இப்போது சி.ஆர்.ஆர்.ஐ., அதாவது ஹவுஸ் சர்ஜன், பயிற்சி டாக்டர். வயது 29. என்னோடு ட்யூட்டி பார்க்கிறவர்களுக்கு 22, 23. எல்லோருக்கும் நான் 'அக்கா'. முதல் நாள் அனாட்டமி வகுப்பில் நான் உள்ளே நுழைந்ததும் முன்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து நின்று "குட் மார்னிங் மேம்" என்றான். அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பாவம், அன்று முழுக்க அவன் என் பக்கம் திரும்பவே இல்லை.

நான் பி.எஸ்ஸி. விலங்கியல் முடித்துவிட்டு டாக்டருக்குப் போனவள். அதனால்தான் எங்கள் குடும்பத்தில் இந்த விஷயத்துக்கு நான் நிபுணர். 'நேராப் போறது நல்லதா, டிகிரி முடிச்சுட்டுப் போறது நல்லதா' என்று கேட்க வேறு ஆளும் இல்லை.

சித்தி வீட்டில் நான் போனபோது பஞ்சாயத்து ஏற்கெனவே கூடியிருந்தது. சித்தப்பா, அப்பா, மாமா, மூலையில் கம்பளிக்குள் அம்மாயி. ஸ்டூலில் வர்க்கித் தட்டுக்குப் பக்கத்தில் மூன்று காகிதங்கள். ஒன்று, சமவெளியில் ஒரு கோச்சிங் சென்டரின் ரிப்பீட்டர் பேட்ச் நோட்டீஸ். இரண்டு, ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் சேர்ந்ததற்கான ரசீது. மே மாதமே 'எதற்கும் இருக்கட்டும்' என்று விண்ணப்பித்து, முதல் கலந்தாய்விலேயே இடம் கிடைத்திருந்தது. மாதக் கடைசியில் வகுப்பு தொடங்கும். மூன்றாவது, மாமா கொண்டுவந்த வழவழ நோட்டீஸ்: பிலிப்பைன்சில் மருத்துவம், 'அமெரிக்கன் சிஸ்டம்'. இவை போதாதென்று சித்தியின் போனில் மெல்போர்னிலிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ்.

சம்பந்தப்பட்டவள் வாசல் திண்டில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். கீழே தேயிலைக்குள் காட்டெருமைக் கூட்டம். "அந்தக் காது கிழிஞ்சது நாலு நாளா வரல. இன்னிக்கி வந்திருக்கு" என்றாள். நான் வந்ததற்கு அவள் சொன்ன முதல் வார்த்தை அதுதான். மார்க் எவ்வளவு என்று இங்கே எழுதக்கூடாது என்று சொல்லியிருக்கிறாள். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டிலும் எட்டாது, அவ்வளவுதான்.

மெல்போர்ன்காரனிடமிருந்து தொடங்குகிறேன். குழப்பத்துக்கு விதை போட்டது அவன்தான். இலங்கைத் தோட்டத் தமிழர் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு எங்கள் அம்மாயி இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். அம்மாயியின் தங்கை இலங்கையிலேயே ஹட்டன் பக்கம் தங்கிவிட்டார். அந்தத் தங்கையின் பேரன் இவன். அவன் குடும்பம் ஆஸ்திரேலியா போய்ப் பல வருடம் ஆகிறது. மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் மூன்று வருடம் பயோமெடிசின் படித்துவிட்டு, இப்போது அங்கேயே நான்கு வருட மருத்துவத்தில் இருக்கிறான். அந்தப் பல்கலைக்கழகம் 2011-லிருந்து மருத்துவத்தைப் பட்டதாரிகளுக்கு மட்டும் என்று மாற்றிவிட்டது. அதே ஊரில் மொனாஷில் பள்ளி முடித்தவர்கள் நேராகச் சேரும் ஐந்து வருடப் படிப்பும் உண்டு. "நான் அவசரப்படேல்ல அக்கா. டிகிரிய முடிச்சிட்டுத்தான் டொக்டருக்குப் போனன். தங்கச்சியும் அப்பிடியே செய்யலாந்தானே" என்றது மெசேஜ்.

அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. உலகத்தில் பல இடங்களில் இந்த இரண்டு வாசலும் திறந்திருக்கின்றன. அமெரிக்காவில் நான்கு வருடப் பட்டம், அதன்மேல் நான்கு வருட மருத்துவம். பிரிட்டனில் பள்ளியிலிருந்து போனால் ஐந்து அல்லது ஆறு வருடம், பட்டத்தோடு போனால் சில கல்லூரிகளில் நான்கே வருடம். நமக்குத் தெரிந்த சிங்கப்பூரிலேயே தேசியப் பல்கலைக்கழகமான என்.யு.எஸ்.ஸில் ஐந்து வருட நேரடிப் படிப்பு இருக்கிறது, 2007-லிருந்து டியூக்–என்.யு.எஸ்.ஸில் பட்டதாரிகளுக்கான நான்கு வருடமும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் பட்டதாரிகள் எழுதும் காம்சாட் தேர்வில் அறிவியல் ஒரு பகுதிதான். மீதி இரண்டில் கவிதையைக் கொடுத்து அர்த்தம் கேட்பார்கள், கட்டுரை எழுதச் சொல்வார்கள். சில கல்லூரிகளுக்கு வரலாறு படித்தவர்கூடப் போகலாம். 17 வயதில் எடுக்கும் முடிவு அப்பா அம்மாவுடையதாக இருக்கலாம், 21-இல் எடுப்பது தன்னுடையதாக இருக்கும் என்பது அங்கே சொல்லும் நியாயம். எனக்கு அந்த நியாயத்தில் மறுப்பே கிடையாது. என் கதையே அதற்குச் சாட்சி.

ஆனால் அவன் மெசேஜில் ஒரு விஷயம் இல்லை. அவனுடைய மூன்று வருடம் அவனுக்குத் திரும்பக் கிடைத்தது. பட்டத்தோடு வருகிறவனுக்கென்று தனிப் படிப்பு, குறைந்த காலம். மூன்றும் நான்கும் ஏழு வருடத்தில் இரண்டு பட்டம். இங்கே என்ன நடக்கும் என்பதை, நான் 2018-இல் கோத்தகிரி பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பிரவுசிங் சென்டரில் நீட் விண்ணப்பம் நிரப்பிய கதையாகச் சொன்னால்தான் புரியும்.

விண்ணப்பத்தில் 'தகுதித் தேர்வின் கோட்' என்று ஓர் இடம். 01 என்றால் இந்த ஆண்டு பிளஸ் டூ எழுதுகிறவர். 02 என்றால் பிளஸ் டூ தேறியவர். அப்படியே போய், 06 என்றால் பி.எஸ்ஸி. முடித்தவர். இயற்பியல், வேதியியல், உயிரியலில் குறைந்தது இரண்டு பட்டப்படிப்பில் இருந்திருக்க வேண்டும், பிளஸ் டூவிலும் அந்தப் பாடங்கள் இருந்திருக்க வேண்டும். அந்த 06-ஐப் பார்த்ததும் எனக்குச் சின்னப் பெருமை. மூன்று வருடம் விடியற்காலை பஸ் பிடித்துப் படித்த பட்டத்துக்கு அரசாங்க விண்ணப்பத்தில் தனியாக ஓர் எண் இருக்கிறதே. சென்டர் அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பிளஸ் டூ பாஸ்தானே? ரெண்டு போட்டுக்கலாம். ஆறு போட்டா அதுக்கு வேற மார்க் ஷீட் எல்லாம் கேப்பான்." போட்டாச்சு.

அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. 02 போட்டாலும் 06 போட்டாலும் அதே தேர்வு, அதே 720 மதிப்பெண், அதே தரவரிசை. சேர்ந்த பிறகும் அதே நாலரை வருடம், அதன்மேல் ஒரு வருடப் பயிற்சி. பட்டத்துக்காக ஒரு செமஸ்டர், ஒரு பாடம், ஒரு நாள்கூடக் குறையாது. நம் நாட்டில் பட்டதாரிக்குத் தடை இல்லை. 2022-இல் நீட்டுக்கு வயது உச்சவரம்பையே எடுத்துவிட்டார்கள். அதே ஆண்டு சென்னைக் கலந்தாய்வுக்கு 61 வயது ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்து, சின்னப் பிள்ளைகளின் இடத்தை எடுக்க வேண்டாம் என்று விட்டுக்கொடுத்துவிட்டுப் போனது செய்தியில் வந்தது. வரலாம், யாரும் தடுக்கவில்லை. வந்தால் 17 வயதுக்காரர்களின் கதவு வழியாக, 17 வயதுக்காரராகவே உள்ளே போக வேண்டும்.

என் கணக்கு இது. பிளஸ் டூ முடித்தது 2014. அப்போது நீட் இல்லை, 200-க்கு கட்-ஆஃப் பார்ப்பார்கள். உயிரியல் 100, இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பது. எனக்கு அது வெகு தூரம். தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் அதற்காக யாரும் அழவில்லை. டாக்டர் என்பது எல்லாப் பிள்ளைகளும் சொல்வது, நானும் சொல்லியிருந்தேன், அவ்வளவுதான். ஊட்டியில் விலங்கியல் கிடைத்தது. கோத்தகிரியிலிருந்து கட்டபெட்டு வழியாக ஒரு மணி நேரத்துக்கு மேல் பஸ், டிசம்பரில் கண்ணாடியில் பனி வழித்துக்கொண்டே போகும். 1955-இல் தொடங்கிய கல்லூரி, வெள்ளைக்காரக் கலெக்டர் சல்லிவன் கட்டிய ஸ்டோன் ஹவுஸ் வளாகம். எங்களுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டில்லை. கேண்டீனில் சூடாக என்ன இருக்கிறது என்பதே கவலை.

இரண்டாம் வருடம் மரபியல் வகுப்பில் அரிவாள் செல் நோய் நடத்தினார்கள். பாடத்தில் ஆப்பிரிக்கா என்றுதான் இருந்தது. எங்கள் பேராசிரியர் புத்தகத்தை மூடிவிட்டு, "இந்தியாவுல இத முதல்ல கண்டுபிடிச்சது எங்க தெரியுமா? இந்த மலைல. 1952-ல, இங்க இருக்கற பழங்குடி மக்கள்கிட்ட ரத்தம் எடுத்துப் பாத்து" என்றார். வகுப்பு முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள், நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். பள்ளியில் என்னோடு படித்த இருளர் பெண் ஒருத்தி, மூட்டு வலி மூட்டு வலி என்று அடிக்கடி லீவு போட்டு, எட்டாவதோடு நின்றுவிட்டாள். அவளுக்கு அதுதானா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. சந்தேகப்படக்கூட ஆள் இல்லாமல் இருந்ததே என்றுதான் அன்றைக்குத் தோன்றியது. குன்னூர் பாஸ்டியர் இன்ஸ்டிட்யூட்டுக்கும் அந்த வருடம் கூட்டிக்கொண்டு போனார்கள். 1907-லிருந்து நாய்க்கடிக்கு மருந்து செய்த இடம் எங்கள் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் இருந்திருக்கிறது, 19 வயது வரை எனக்குத் தெரியவில்லை.

டாக்டர் ஆக வேண்டும் என்று நான் முடிவு செய்தது அந்த வருடம்தான். 17 வயதில் சொன்னது வாய்ப்பாடு. 19-இல் காரணம் இருந்தது. மெல்போர்ன்காரன் சொல்வது இதைத்தான், அதில் அவன் சொல்வது சரி.

சரி, காரணம் கிடைத்தது. அப்புறம்? 2017-இல் பட்டம் வாங்கியபோது தமிழ்நாட்டுக்கு நீட் வந்துவிட்டது. ஒரு தனியார் பள்ளியில் மாதம் 7,000 ரூபாய்க்கு டீச்சர் வேலை, மாலையில் ட்யூஷன், இரவில் பழைய கைடு. 2018-இல் தமிழில் எழுதினேன். அந்த வருடத் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்கு நடந்தது பலருக்கு நினைவிருக்கும். 196 மதிப்பெண் கொடுக்கச் சொல்லி மதுரைக் கிளை தீர்ப்பளித்து, எங்கள் வீட்டில் கேசரி கிண்டி, பிறகு உச்ச நீதிமன்றத்தில் அது நிற்காமல் போய், கேசரி கிண்டியதுதான் மிச்சம். 2019-இல் ஆங்கிலத்தில் எழுதினேன். மறுபடி இல்லை. 2020-இல் கொரோனாவால் தேர்வு செப்டம்பருக்குத் தள்ளிப்போயிற்று. இதோடு போதும் என்று எழுதிவிட்டு வந்தேன். அக்டோபர் கடைசியில் 7.5 சதவீத ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு, எம்.பி.பி.எஸ்.ஸும் பல் மருத்துவமும் சேர்த்து அந்த ஆண்டு ஏறத்தாழ 400 இடம். அதற்கு முந்தைய வருடம் வரை அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவத்துக்குப் போனவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நவம்பரில் சென்னை நேரு விளையாட்டரங்கில் என் பெயரைக் கூப்பிட்டபோது எனக்கு வயது 24.

குடும்பத்தில் இந்தக் கதையைச் சொல்லும்போது, 'பாரு, பி.எஸ்ஸி. முடிச்சிட்டுப் போயி டாக்டராயிட்டா' என்று சுருக்கிவிடுகிறார்கள். பி.எஸ்ஸி.யால் நான் உள்ளே போகவில்லை. ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை எந்தப் பள்ளியில் படித்தேன் என்பதால் போனேன். சட்டம் ஒரு வருடம் தள்ளி வந்திருந்தால் இந்நேரம் பி.எட். முடித்து எங்காவது ஒன்பதாம் வகுப்புக்கு அமீபா நடத்திக்கொண்டிருப்பேன். இதை நான் பஞ்சாயத்தில் சொன்னபோது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. அவருக்கு அது என் உழைப்பாகவே இருக்க வேண்டும்.

பட்டம் உள்ளே போன பிறகு உதவியதா என்று சித்தப்பா கேட்டார். உதவியது, அவர் நினைத்த வழியில் இல்லை. பாடத்தில் பெரிதாக ஒன்றுமில்லை. கிரெப்ஸ் சுழற்சியை வாழ்க்கையில் மூன்றாவது முறையாக மனப்பாடம் செய்தேன், அவ்வளவுதான் லாபம். ஆங்கிலத்தில்தான் காப்பாற்றியது. நான் தமிழ்வழி. பி.எஸ்ஸி. முதல் வருடம் என்ன நடத்துகிறார்கள் என்றே புரியாமல், டிக்ஷனரியும் கையுமாக, பஸ்ஸில் அழுதுகொண்டே போயிருக்கிறேன். அந்தப் பள்ளத்தை அங்கேயே தாண்டிவிட்டதால் எம்.பி.பி.எஸ்.ஸில் விழவில்லை. என்னோடு 7.5-இல் வந்த 18 வயதுப் பிள்ளைகள் சிலர் அதே பள்ளத்தில், பிணத்தின் நெடியோடும் வாராவாரம் வரும் டெஸ்ட்டோடும் சேர்த்து விழுந்தார்கள். புத்தியில் என்னைவிடக் கூர்மையானவர்கள் அவர்கள். முதல் வருடம் ஒரு பெண் ஹாஸ்டல் மாடியில் பெட்டியைக் கட்டிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள், ஊருக்குப் போகிறேன் என்று. அவளோடு அனாட்டமியைத் தமிழில் பேசிப் பேசியே இரண்டு மாதம் ஓட்டினோம். இப்போது அவள் என் யூனிட்டில்தான் இருக்கிறாள், என்னைவிட வேகமாக ஊசி போடுகிறாள்.

இன்னொன்று, வார்டில். நோயாளியிடம் பேச எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. மூன்று வருடம் பெற்றோர் கூட்டத்தில் திட்டு வாங்கியவள் நான்.

போனது எதுவென்றும் சொல்ல வேண்டுமே. வருடங்கள் போயின. 2014-இல் பிளஸ் டூ முடித்தவர்களில் நேராக மருத்துவம் போனவர்கள் 2020-லேயே டாக்டர். சிலர் இப்போது எம்.டி.யும் முடித்தாயிற்று. அப்படி ஒருவர் என் வார்டில் எனக்கு மேலே அசிஸ்டென்ட். என் வயதுதான், நான் அவரை 'சார்' என்பேன், அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். நான் இனி பி.ஜி. நீட் எழுதி மூன்று வருடம் படித்தால் 33, 34 ஆகிவிடும். அப்பா அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறார், லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். கல்யாணப் பேச்சை அம்மா எடுப்பதை நிறுத்திவிட்டார். நிறுத்தியதுதான் எனக்கு உறுத்துகிறது.

மாமாவின் பிலிப்பைன்ஸ் நோட்டீஸுக்கு வருவோம். அங்கே உண்மையிலேயே அமெரிக்க முறைதான். முதலில் பி.எஸ். என்ற இளநிலைப் பட்டம், பிறகு எம்.டி. என்ற நான்கு வருட மருத்துவப் படிப்பு. ஆள் சேர்க்கக் கூட்டம் போட்டவர் எங்கள் மாமாவிடம் 'ஆறு வருஷம் சார், நம்ம ஊரு மாதிரியேதான்' என்று சொல்லியிருக்கிறார். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதியை நான் போனில் எடுத்துப் படித்துக் காட்டினேன். வெளிநாட்டில் படித்து இங்கே பதிவு செய்ய வேண்டுமென்றால் மருத்துவப் படிப்பு மட்டும் குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும். அதே நிறுவனத்தில் தனியாக 12 மாதப் பயிற்சி. திரும்பி வந்து தேர்வு, மறுபடி இங்கே பயிற்சி. முன்னால் படித்த பி.எஸ். அந்த 54-இல் சேராது. நான்கு வருடம் என்றால் 48 மாதம். ஆறு மாதம் உதைக்கிறது. அந்த ஆறு மாதத்தில் மாட்டிக்கொண்ட தமிழ்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர். மாமா நோட்டீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல 54-னு எங்கயுமே போடலயே" என்றார். போட மாட்டார்கள் மாமா.

மெல்போர்ன் வழியும் நம் பிள்ளை போய்த் திரும்பி வர நினைத்தால் அதே 54-இல்தான் முட்டும். அவன் அங்கேயே இருப்பவன், அவனுக்கு அந்தக் கவலை இல்லை.

பேச்சு இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது அம்மாயி கம்பளிக்குள்ளிருந்து, "எங்க தோட்டத்துல டிஸ்பென்சர் ஐயா இருந்தாரு. மருந்து கலக்கிக் கலக்கியே அவருக்கு எல்லா வியாதியும் தெரியும். அவர டாக்டர் ஆக்கிவிட்டிருக்கலாம்ல?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம் நாட்டிலேயே அப்படி ஒரு வழி இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் நான்கு வருடம் படித்து எல்.எம்.பி. என்ற உரிமம் வாங்கிய டாக்டர்கள்தான் சின்ன ஊர்களைப் பார்த்துக்கொண்டார்கள். சென்னையில் ராயபுரம் மருத்துவப் பள்ளி அப்படிப்பட்டவர்களை உருவாக்கியது. 1938-இல் அதுவே ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி ஆயிற்று. 1946-இல் சர் ஜோசப் போர் என்பவர் தலைமையிலான கமிட்டி, இனி நாடு முழுக்க ஒரே தரம், எம்.பி.பி.எஸ். மட்டும் என்று பரிந்துரைத்தது. அதன் பிறகு எல்.எம்.பி.க்காரர்கள் எம்.பி.பி.எஸ். ஆக, 'கண்டென்ஸ்டு கோர்ஸ்' என்று சுருக்கப்பட்ட படிப்பு நடந்தது. தெரிந்ததைத் தெரியும் என்று ஒத்துக்கொண்டு, மீதியை மட்டும் படிக்கச் சொன்னார்கள். பட்டதாரி வழியின் சாரமே அதுதானே. இன்று பத்து வருடம் ஐ.சி.யு.வில் நின்ற ஒரு நர்ஸ் அக்கா டாக்டராக நினைத்தால், அவரும் நீட் எழுதி, முதல் வருடம் முதல் நாள் என் பக்கத்தில் வந்து உட்கார வேண்டும். எங்கள் வார்டில் அப்படி ஆசைப்படத் தகுதியான மூன்று பேரையாவது எனக்குத் தெரியும்.

இத்தனையும் பேசிவிட்டு, முடிவாக என்னதான் சொல்கிறாய் என்றார் சித்தப்பா. சொன்னேன். டிகிரியை வெயிட்டிங் ரூமாக நினைத்துச் சேராதீர்கள். மூன்று வருடமும் மனசு வேறெங்கோ இருந்தால் பட்டமும் ஒழுங்காக வராது, நீட்டும் வராது. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். டாக்டர்தான் வேண்டுமென்றால் ஒரே ஒரு வருடம், முழுசாக, வேறெதுவும் இல்லாமல் உட்காரட்டும். ஒரே வருடம் என்பதை இப்போதே பேசிவைத்துக்கொள்ளுங்கள். நான் மூன்று முறை எழுதியவள் என்பதால்தான் சொல்கிறேன். மூன்றாவது வருடம் நான் படித்துக்கொண்டிருக்கவில்லை, பயந்துகொண்டிருந்தேன். இல்லை, இந்தப் பாடமே பிடிக்கிறது, டாக்டர் ஆகாவிட்டாலும் இதை வைத்துப் பிழைக்கலாம் என்று இருந்தால் ஊட்டிக்குப் போகட்டும். அரசுப் பள்ளிப் பெண் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும், பஸ் செலவுக்காகும். ஆனால் அப்படிப் போனால் அது டாக்டருக்கான வழி என்று யாரும் அவளிடம் சொல்லிக்கொண்டே இருக்காதீர்கள்.

"ஊட்டிலயே இப்ப மெடிக்கல் காலேஜ் இருக்கே" என்றார் அப்பா, சம்பந்தமில்லாமல். 2022-இல் வந்தது, 150 இடம். 2025 ஏப்ரலில் 700 படுக்கை ஆஸ்பத்திரியும் திறந்திருக்கிறார்கள். என் காலத்தில் தலையில் அடிபட்டால் மலை இறங்கிக் கோயம்புத்தூர் போக வேண்டும், வளைவுகளிலேயே பாதி உயிர் போய்விடும். அங்கே பிள்ளை வெள்ளைக் கோட்டில் நடப்பதை அப்பா மனசுக்குள் பார்த்துவிட்டார். அவரை எப்படித் திருத்துவது?

இத்தனை பேச்சிலும் சம்பந்தப்பட்டவள் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது எனக்கு ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது.

மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டுக்கு அவள்தான் கூட வந்தாள். மூடுபனியில் பஸ் நம்பரே தெரியவில்லை. "அந்த ரசீத நீ சரியாப் பாத்தியாக்கா?" என்றாள்.

"பாத்தேன். ஜுவாலஜி."

"இல்ல. வைல்டுலைஃப் பயாலஜி. எல்லாரும் ஜுவாலஜின்னே சொல்றாங்க. நான் திருத்தல."

பையைத் திறந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்தாள். தேதி, நேரம், எத்தனை காட்டெருமை, எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம். கிழிந்த காதுக்காரிக்குத் தனிப் பக்கம். இரண்டு வருடமாக எழுதியிருக்கிறாள். பிளஸ் டூ பரீட்சை நடந்த மார்ச் மாதத்திலும் ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை.

"இத ஏண்டி நேத்து சொல்லல?"

"நீ பேசிட்டிருந்த."

பஸ் வந்தது. ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன். அவள் வெளியே நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஏக்கா, மூணு வருஷம் கழிச்சு எனக்காவே டாக்டர் ஆகணும்னு தோணுச்சுன்னா?" என்றாள்.

"அப்ப எழுது. வயசு வரம்பு இல்ல."

"அந்த ஃபார்ம்ல ஆறாம் நம்பர் இருக்கும்ல?"

"இருக்கும். ஆனா அதப் போட்டா வேற மார்க் ஷீட் எல்லாம் கேப்பாங்க."

"கேக்கட்டும்" என்றாள். "நான் ஆறுதான் போடுவேன்."

கண்டக்டர் விசில் அடித்தார். அவள் கம்பியை விட்டுவிட்டு, நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தேயிலைப் பக்கம் நடந்தாள்.